டாங்கா கரையில் இறங்கியவர்கள்

(கும்மிடிப்பூண்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கடல் வழியாக வந்து எதிரியின் கரையில் இறங்கும் போர் என்றதும் உங்களில் பலருக்கு நார்மண்டிதான் நினைவுக்கு வரும். 1944 ஜூன் 6. படங்களில் பார்த்திருப்பீர்கள். படகின் முன்கதவு தடாலென்று விழும். உள்ளே இருந்த பையன்கள் தண்ணீரில் குதிப்பார்கள். பலர் கரைக்கே வந்து சேர மாட்டார்கள். பிழைத்தவர்கள் தள்ளாத வயதில் அதையெல்லாம் சொன்னார்கள்; புத்தகமாகவும் ஒலிநாடாவாகவும் பத்திரமாக இருக்கிறது.

அதற்கு முப்பது வருஷம் முன்னால், 1914 நவம்பர் 2-ஆம் தேதி இரவு, அன்றைய ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவில், டாங்கா என்ற துறைமுக ஊருக்குப் பக்கத்தில் ஒரு கரையிறக்கம் தொடங்கியது. இறங்கிய பட்டாளங்களில் இரண்டு சென்னை மாகாணத்துப் பட்டாளங்கள்: 63-ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படை, 61-ஆவது பயனியர் படை. தமிழ் பேசியவர்கள் நிறையப் பேர் இருந்த பட்டாளங்கள். அந்தச் சிப்பாய்களில் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்லி, பேரப்பிள்ளை எழுதி வைத்தது என்று எதுவும் என் கைக்கு வந்ததில்லை. அவர்களைப் பற்றி எழுதியவர்கள் அவர்களை நடத்திக்கொண்டு போன அதிகாரிகள். அந்த அதிகாரிகளின் பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து பார்க்கப் போகிறேன்.

இதைப் பேசக் கும்மிடிப்பூண்டிதானா கிடைத்தது என்று கேட்பீர்கள். 1914-இல் இந்தப் பக்கமெல்லாம் செங்கல்பட்டு ஜில்லா, பொன்னேரி தாலுகா. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-இல்தான். செங்கல்பட்டும் அதை ஒட்டிய வட ஆற்காடும் நெடுங்காலமாகப் பட்டாளத்துக்கு ஆள் கொடுத்த ஜில்லாக்கள். பூந்தமல்லியில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு டிப்போவே இருந்தது. 1914-இல் சிப்பாயின் சம்பளம் மாதம் 11 ரூபாய். சாப்பாட்டுச் செலவு அதிலேயே போகும். இருந்தாலும் ஏரி வற்றிப்போன வருஷத்தில், சொந்தமாகக் காணி நிலம் இல்லாத வீட்டுப் பையனுக்கு அது மாதம் தவறாமல் வரும் காசு. கடைசியில் பென்ஷனும் உண்டு. ஊருக்கு வெளியே சேரியில் நிறுத்தி வைக்கப்பட்டவனுக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது. பட்டாளத்தில் அவனுக்கு பூட்சு கொடுத்தார்கள், சட்டை கொடுத்தார்கள், கையில் துப்பாக்கியும் கொடுத்தார்கள். மண் வெட்டி வழி அமைக்கும் பயனியர் படையிலும் சாப்பர் படையிலும் பறையர் சமூகத்து இளைஞர்கள் ஏராளமாகச் சேர்ந்ததற்குச் சம்பளத்தை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது.

இந்தக் கரைக்காரர்களுக்குக் கடல் புதிதில்லை. பழவேற்காட்டு முகத்துவாரத்தில் படகை வெளியே எடுப்பவர்கள் யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால் அவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். மணல் மேடிட்டு, ஆழம் போய், அலை உடையும் இடத்தில் படகு தரைதட்டினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். சென்னைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகில்தான் அலையைத் தாண்டிப் போகவும் வரவும் முடியும். கும்பினிப் படையின் சென்னைச் சிப்பாய்கள் அப்படித்தான் கப்பல் ஏறினார்கள். 1762-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ஒரு படை செப்டம்பர் 24-ஆம் தேதி பிலிப்பைன்ஸில் மணிலாவுக்குத் தெற்கே மலாத்தே கரையில், கொந்தளிக்கும் அலையில் இறங்கியது. சில நூறு சென்னைச் சிப்பாய்கள் அதில் இருந்தார்கள். இறங்கும்போதே வெடிமருந்து நனைந்துபோனது என்று எழுதியிருக்கிறார்கள். இருந்தும் இரண்டு வாரத்துக்குள் மணிலா விழுந்தது. ஆங்கிலேயர்கள் 1764-இல் திரும்பிப் போனபோது சிப்பாய்களில் சிலர் போகவில்லை. மணிலாவுக்குப் பக்கத்தில் கைந்தா என்ற ஊரில் தங்கிக் குடும்பம் நடத்தினார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

பிறகு 1824-இல் ரங்கூன் வந்தது. பர்மாவுக்குப் போக மாட்டோம் என்று பாரக்பூரில் வங்காளப் படையின் ஒரு பட்டாளம் முரண்டு பிடித்துச் சுட்டுக் கொல்லப்பட்ட அதே வருஷம், சென்னைப் பட்டாளங்கள் கடல் தாண்டிப் போய் ரங்கூனில் இறங்கின.

அந்தச் சென்னைப் படைக்கு 1914-இல் என்ன மதிப்பு இருந்தது? ஒன்றும் இல்லை என்றே சொல்லலாம். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கிச்சனர் தளபதியாக வந்து 1903-இல் இந்தியப் படைகளுக்கெல்லாம் ஒரே வரிசை எண் போட்டபோது, சென்னைப் பட்டாளங்களின் பழைய எண்ணோடு 60-ஐக் கூட்டினார்கள். முதலாவது 61 ஆனது. மூன்றாவது 63 ஆனது. நடுவில் இருந்த இரண்டாவது? அது 62-ஆவது பஞ்சாபி. எண் சென்னையுடையது, ஆட்கள் பஞ்சாபிகள். தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை, வடக்கே சில குலங்களுக்குத்தான் போர்க்குணம் ரத்தத்திலேயே ஓடுகிறது என்று ஒரு கொள்கை. அதற்குப் பெரிய வக்கீல் லார்டு ராபர்ட்ஸ். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாகவே இருந்தவர். அதற்குப் பிறகு இந்தியப் படைக்கே தளபதி ஆனவர். அவர் காலத்தில் தொடங்கிப் பட்டாளம் பட்டாளமாகச் சென்னைக்காரர்களைக் கழித்துக்கொண்டே வந்தார்கள். மிஞ்சியவற்றுக்கு நல்ல அதிகாரிகள் வர விரும்பவில்லை, நல்ல ஆயுதம் கடைசியாக வந்தது, எல்லைப்புறச் சண்டைக்கு அனுப்பவும் இல்லை. சண்டைக்கே அனுப்பாமல் வைத்துக்கொண்டு, சண்டை தெரியாதவன் என்று பெயர் வைத்தார்கள்.

இந்த நிலையில் இருந்த பட்டாளத்தைத்தான் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். நல்ல படைகள் பிரான்சுக்கும் எகிப்துக்கும் போய்விட்டன. மிச்சத்தில் பொறுக்கியது இந்தியப் பயணப்படை 'பி'. ஏறக்குறைய 8,000 பேர். தலைவர் மேஜர் ஜெனரல் எய்ட்கன். அதில் லங்காஷயர் வெள்ளைக்காரப் பட்டாளம் ஒன்று, ராஜபுத்திரர், கிரெனடியர், காஷ்மீர், குவாலியர் சமஸ்தானப் படைகள், நம்முடைய இரண்டு. ஒன்றோடொன்று சேர்ந்து ஒருநாள்கூடப் பயிற்சி செய்யாதவை. பாளையங்கோட்டைக்காரர்களுக்குப் புது மாதிரித் துப்பாக்கி கையில் வந்தது புறப்படும் சமயத்தில்தான்.

பம்பாயில் கப்பல் ஏறியும் கிளம்ப முடியவில்லை. காரணம் நமக்குத் தெரிந்த ஆசாமிதான்: எம்டன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அந்த ஜெர்மன் கப்பல் இந்துமாக்கடலில் எங்கே இருக்கிறது என்று தெரியாமல், துணைக்குப் போர்க்கப்பல் இல்லாமல் யாரும் நங்கூரம் தூக்கக் கூடாது என்று உத்தரவு. அக்டோபர் 16-ஆம் தேதிதான் புறப்பட்டார்கள். துறைமுகத்தில் கிடந்த நாளும் கடலில் போன நாளுமாகச் சேர்த்து ஒரு மாதத்துக்குக் கிட்டக் கப்பலுக்குள். அடைசல், புழுக்கம், வாந்தி. ஒவ்வொரு பிரிவுக்கும் தனி அடுப்பு வேண்டும். கப்பலில் அதற்கு இடம் ஏது? பாதி நாள் பொரியும் கடலையும். எங்கே போகிறோம் என்று சிப்பாய்க்குச் சொல்லவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கரையில் இறங்கிய பையனின் கால் தரையில் ஊன்றாததற்கு இந்த மாதமும் ஒரு காரணம்.

நவம்பர் 2 காலையில் நடந்ததைச் சொன்னால் கதை கட்டுகிறேன் என்று நினைப்பீர்கள். ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் டாங்கா துறைமுகத்துக்குள் தன்னந்தனியாகப் போனது. கேப்டன் கால்ஃபீல்ட் ஜெர்மன் மாவட்ட அதிகாரியைக் கப்பலுக்கு அழைத்தார். முன்பு கடற்படை இந்த ஊரோடு ஒரு சமாதான ஏற்பாடு செய்திருந்தது. அது ரத்து என்று முறைப்படி சொல்லாமல் அடிப்பது மரியாதையில்லை என்று அவர் நினைத்தார். ஒரு மணி நேரத்தில் சரணடையுங்கள் என்றார். துறைமுகத்தில் கண்ணிவெடி இருக்கிறதா என்றும் கேட்டார்! வந்த அதிகாரி, மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று கரைக்குப் போனார். ஊரைக் காலி செய்யச் சொன்னார்; தந்தி கொடுத்தார்; ராணுவ உடுப்பை மாட்டிக்கொண்டு படையில் சேர்ந்துகொண்டார். தந்தி போன இடத்தில் இருந்தவர் ஜெர்மன் படைத்தளபதி லெப்டினன்ட் கர்னல் பால் ஃபான் லெட்டோ-ஃபோர்பெக். மோஷியிலிருந்து டாங்காவுக்கு ரயில் பாதை உண்டு. ஆட்களை ரயிலில் ஏற்ற ஆரம்பித்தார்.

சரணடையவில்லை என்றானபின் கால்ஃபீல்ட் உடனே அடித்தாரா என்றால் அதுவும் இல்லை. கண்ணிவெடி தேடினார்கள். இல்லாத கண்ணிவெடியை நாள் முழுக்கத் தேடினார்கள். ஊருக்கு எதிரே இறங்காமல், கிழக்கே இரண்டு மைல் தள்ளி ராஸ் கசோன் என்ற முனையில் இறங்குவது என்று முடிவு. அந்த இடத்தை முன்னால் யாரும் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சதுப்புச் செடிகளும் அதற்குப் பின்னால் செங்குத்தான மேடும் தெரிந்திருக்கும்.

முதல் இரவில் இறங்கியது 13-ஆவது ராஜபுத்திரரும் நம்முடைய 61-ஆவது பயனியரும். கப்பலிலிருந்து கயிற்றேணியில் இறங்கிச் சரக்குப் படகில் நெருக்கி நிற்க வேண்டும். நீராவிப் படகு அந்தச் சரக்குப் படகுகளைக் கரைப்பக்கம் இழுத்துப்போய் விடும். கரை இன்னும் தள்ளி இருக்கும்போதே அடி தட்டிவிட்டது. குதி என்றார்கள்.

பயனியர் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது வயது. முதுகில் மூட்டை, இடுப்பிலும் மார்பிலும் தோட்டாப் பைகள், அது போதாதென்று மண் வெட்டும் கருவி வேறு. துப்பாக்கியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். குதித்தால் தண்ணீர் மார்பு வரை, குட்டையானவனுக்குக் கழுத்து வரை. காலில் சுற்றிய பட்டி நனைந்ததும் இறுகும். பூட்சுக்குள் தண்ணீரும் பவளப்பாறைப் பொடியும் போய்ச் சேரும். அடியில் சேறு, காலை இழுக்கிறது. ஏணியில் இறங்கியபோது தோளில் தொங்கிய தண்ணீர்க் குப்பி இப்போது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கக் கை இல்லை. கரையில் எதிரி இருக்கிறானா இல்லையா என்று பக்கத்தில் போகிறவனுக்கும் தெரியாது, ஆணை கொடுத்த துரைக்கும் தெரியாது. மேலே ஏறினதும் ஈர உடுப்போடு இருட்டில் உட்கார வேண்டும். சூடாக ஒரு வாய் காப்பித் தண்ணிகூடக் கிடையாது. துப்பாக்கியில் போன மணலை அந்த இருட்டில் என்ன செய்வான்?

அதிகாரிகள் எழுதிய எந்த அறிக்கையிலும் நான் இப்போது சொன்ன பக்கம் இரண்டு வரிக்கு மேல் வராது. அவர்களுக்கு அது முக்கியமாகப் படவில்லை. அந்தப் பையன் திண்ணையில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் பாதிக் கதை இதுவாகத்தான் இருந்திருக்கும்.

விடிந்ததும் விடியாததுமாக, 3-ஆம் தேதி, இந்த இரண்டு பட்டாளங்களையும் ஊரை நோக்கி நடக்கச் சொன்னார்கள். மீதிப் படை இறங்கும் வரை பொறுக்கவில்லை. ஊருக்கு வெளியே ரயில் பாதைக்காக ஆழமாக வெட்டிய பள்ளம் ஒன்று; அதற்கு அந்தப்புறம் ஜெர்மானியரின் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள், அஸ்காரிகள், மெஷின் கன்னோடு. நிலைமையைப் பார்க்க முன்னால் போன ராஜபுத்திரர்களின் அதிகாரிகள் சுடப்பட்டு விழுந்தார்கள். பக்கவாட்டிலிருந்தும் அடி விழுந்தது. ராஜபுத்திரர் பின்வாங்கினார்கள், பயனியரும் பின்வாங்கினார்கள். ஒரு விஷயத்தை இங்கே அடிக்கோடு இடுங்கள்: டாங்காவில் முதலில் பின்வாங்கியது 'போர்க்குலம்' என்று பட்டயம் வாங்கிய பட்டாளம். அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்தச் சூட்டில் யாராக இருந்தாலும் பின்வாங்கத்தான் வேண்டும்.

அன்று முழுக்க மற்றவர்கள் இறங்கினார்கள். இரவில் லெட்டோ-ஃபோர்பெக் ரயிலில் வந்து சேர்ந்தார். வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு, டாங்கா வீதிகளில் சுற்றி, கடற்கரைப் பக்கம் வரைக்கும் போய், கப்பல்களின் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்தார். ஊர் காலியாக இருந்தது. 8,000 பேர் வைத்திருந்த எய்ட்கன் ஒரு சைக்கிள்காரரைக்கூட ஊருக்குள் அனுப்பவில்லை. மொம்பாசாவில் நாட்டு நடப்புத் தெரிந்த ஆப்பிரிக்கப் படையை உதவிக்குத் தருகிறோம் என்றபோதும் வேண்டாம் என்றவர் அவர். முன்கூட்டிக் கப்பல் பீரங்கியால் அடிக்கலாமா என்றால் அதுவும் வேண்டாம். மலைப் பீரங்கிகளைக் கரைக்கே இறக்கவில்லை. கப்பல் தளத்தில் வைத்தே சுட்டார்கள், எங்கே விழுகிறது என்று பார்க்க முடியாமல்.

4-ஆம் தேதி நண்பகலில், நல்ல உச்சி வெயிலில், படை நகர்ந்தது. ரப்பர்த் தோட்டம், தென்னந்தோப்பு, ஆள் உயரப் புதர், சோளக்கொல்லை. பத்தடிக்கு அப்பால் பக்கத்து ஆள் தெரியாது. பாளையங்கோட்டைப் படை நடுவில். இடது பக்கம் கிரெனடியர். ஈரம் காயாத உடுப்பு உப்புப் பூத்து உடம்பை அறுக்கிறது, குப்பியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது, மயங்கி விழுகிறார்கள். பிற்பகலில் புதருக்குள்ளிருந்து மெஷின் கன் பேச ஆரம்பித்தது. அஸ்காரிகள் பலரிடம் இருந்தது 1871 மாடல் பழைய துப்பாக்கி. சுட்டால் புகை கிளம்பும். அந்தப் புகை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

63-ஆவது பாளையங்கோட்டைப் படை உடைந்தது. ஓடினார்கள், பெரும்பாலானோர் கடற்கரைக்கே திரும்பிவிட்டார்கள். இதை மூடி மறைக்க நான் இங்கே வரவில்லை. வரிசையில் விழுந்த அந்த ஓட்டை வழியாகக் கிரெனடியர்கள் தனித்துப்போனார்கள். அவர்களுக்கு விழுந்த அடி பயங்கரம். வலது பக்கம் லங்காஷயர்காரர்களும் காஷ்மீர்ப் படையின் கூர்க்காக்களும் ஊருக்குள்ளேயே நுழைந்து வீடு வீடாகச் சண்டை போட்டார்கள். துணைக்கு யாரும் வராமல் வெளியே வந்தார்கள்.

தேனீக் கதை உலகப் பிரசித்தம். மரங்களில் மரக்குடைவுத் தேன்பெட்டிகள் தொங்கின. ரவை பட்டதும் ஆப்பிரிக்கத் தேனீக்கள் கிளம்பி இந்தப் பயணப்படையிலேயே இருந்த 98-ஆவது காலாட்படைப் பட்டாளத்தை விரட்டின. ஜெர்மானியர்கள் தேனீக்களைப் பழக்கி ஏவினார்கள் என்று லண்டனில் நம்பவும் செய்தார்கள். அந்தத் தேனீ ஜெர்மானியரையும் கொட்டியது. தோல்விக்கு வேடிக்கையான காரணம் ஒன்று கிடைத்தால் விட மனம் வருமா? இன்றும் டாங்கா என்றால் ஆங்கிலப் புத்தகங்களில் தேனீதான் முன்னால் வரும்.

இருட்டியதும் இன்னொரு கூத்து. ஜெர்மன் பக்கம் ஊதிய ஒரு கொம்பைத் தப்பாகப் புரிந்துகொண்டு அவர்களுடைய கம்பெனிகளே ஊரைவிட்டுப் பின்னால் போய்விட்டன. சில மணி நேரம் டாங்கா யார் கையிலும் இல்லை. நடந்து போய் எடுத்திருக்கலாம். எய்ட்கன் கப்பலேறுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். 5-ஆம் தேதி திரும்பவும் அதே தண்ணீர், அதே சேறு, கப்பலை நோக்கி. சாமான்களைப் போட்டுவிட்டு ஏறச் சொன்னார்கள். மெஷின் கன்கள், நூற்றுக்கணக்கில் புதுத் துப்பாக்கிகள், லட்சக்கணக்கில் தோட்டாக்கள் கரையில் கிடந்தன. லெட்டோ-ஃபோர்பெக் அவற்றை வைத்துத் தன் கம்பெனிகளுக்குப் புது ஆயுதம் கொடுத்தார். 1918 நவம்பர் 25 வரை, ஐரோப்பாவில் போர் முடிந்த பிறகும் இரண்டு வாரம், பிடிபடாமல் இருந்தார். டாங்காவில் அவரிடம் இருந்தது ஆயிரம் பேர் அளவில்தான். பிரிட்டிஷ் பக்கம் இறந்தவர்கள் 360 பேர். காயம்பட்டவர்களையும் சேர்த்தால் எண்ணூற்றுக்கு மேல்.

இப்போது சாட்சிக்கு வருகிறேன். பாளையங்கோட்டைப் படையைப் பற்றி மிகக் கேவலமாக எழுதி, அடுத்தடுத்த வரலாற்று ஆசிரியர்கள் எடுத்தாண்டுகொண்டே இருக்கும்படி செய்தவர் பயணப்படை 'பி'-யின் உளவு அதிகாரி ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன். அவருடைய ராணுவ நாட்குறிப்பு 1960-இல் புத்தகமாக வந்தது. விறுவிறுப்பாக எழுதுவார், படித்தால் கீழே வைக்க முடியாது. பயந்தவர்கள், மிருகங்கள் என்கிற தோரணையில் நம் ஆட்களைப் பேசுவார். ஓடியவனைத் தன் கையால் சுட்டதாகவும் எழுதுவார்.

இதே மைனர்ட்ஸ்ஹாகன் பறவை ஆராய்ச்சியிலும் பெரிய பெயர். ஆயிரக்கணக்கில் பதம்செய்த பறவைகளைச் சேர்த்து லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அனுமதியில்லாமல் மாதிரிகளை எடுத்தார் என்று அதே அருங்காட்சியகம் ஒரு காலத்தில் அவரைப் பறவை அறைக்குள் விடாமல் வைத்திருந்ததும் உண்டு. 1990-களில் பமீலா ராஸ்முசென் என்ற அமெரிக்கப் பறவை அறிஞர் அந்தச் சேகரிப்பைத் தோண்டிப் பார்த்தார். மற்றவர்கள் சேகரித்த பறவைகளைத் திருடி, தையலைப் பிரித்துத் திருப்பித் தைத்து, தன் பெயரில் புது ஊரும் புது தேதியும் போட்டுச் சீட்டுக் கட்டியிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. அவற்றில் ஒன்று இந்தியக் காட்டுக்குரிய ஒரு சிறிய ஆந்தை. 1880-களில் வேறொருவர் சேகரித்தது. மைனர்ட்ஸ்ஹாகன் கட்டிய சீட்டில் இருந்த ஊர் குஜராத்தில் மாண்ட்வி. தேதி 1914 அக்டோபர். அந்தப் பொய்ச் சீட்டை ஒதுக்கிவிட்டு, மற்ற பழைய குறிப்புகள் காட்டிய இடங்களில் தேடித்தான் 1997-இல் ராஸ்முசெனும் கூட்டாளிகளும் மகாராஷ்டிரத்தில் அந்த ஆந்தையை உயிரோடு கண்டுபிடித்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் யாரும் பார்க்காத பறவை.

1914 அக்டோபர் என்றால் எந்த மாதம்? பம்பாயில் இந்தப் படை கப்பலில் கிடந்த மாதம். ஒரு செத்த ஆந்தைக்கு அந்த மாதத் தேதியைப் போட்டுப் பொய்ச் சீட்டுக் கட்டியவர், அடுத்த மாதம் நம் சிப்பாய்களுக்கும் ஒரு சீட்டு கட்டினார். ஆந்தையின் சீட்டை விஞ்ஞானிகள் கழற்றிவிட்டார்கள். 2007-இல் பிரையன் கார்ஃபீல்ட் என்பவர் இந்த மனிதரின் நாட்குறிப்புகளையே புரட்டிப் பார்த்து, எது நடந்தது எது புனைந்தது என்று ஒரு புத்தகமே எழுதிவிட்டார். டாங்காவைப் பற்றிப் புதிதாக எழுதுகிறவர்கள் மட்டும் இன்னும் மைனர்ட்ஸ்ஹாகனையே மேற்கோள் காட்டுகிறார்கள்.

மைனர்ட்ஸ்ஹாகனைத் தள்ளிவிட்டாலும் 63-ஆவது படை ஓடியது ஓடியதுதான். மற்ற அறிக்கைகளும் அதைச் சொல்கின்றன. என் வழக்கு வேறு. ஒரு மாதம் கப்பலில் போட்டு வாட்டி, புதுத் துப்பாக்கியைக் கையில் திணித்து, பார்க்காத கரையில் கழுத்தளவு தண்ணீரில் இறக்கி, தூக்கமும் சோறும் இல்லாமல், எதிரிக்கு முழுசாக இரண்டு நாள் அவகாசம் கொடுத்துவிட்டு, உச்சி வெயிலில் புதருக்குள் அனுப்பியபின், உடைந்தது ஏன் என்பதற்குக் குலத்தையும் ரத்தத்தையும் காரணம் காட்டுவது யோக்கியமா? ஆறு மாதம் கழித்து, 1915 ஏப்ரல் 25-இல், கலிப்போலியில் உலகத்திலேயே சிறந்தவை என்று சொல்லப்பட்ட படைகள் இறங்கின. கடற்படை முன்னாலேயே சத்தம் போட்டு எதிரியை எழுப்பிவிட்டது. கரையைச் சரியாகப் பார்க்கவில்லை. எதிரி மேட்டில் காத்திருந்தான். அங்கே விழுந்தவர்களைப் பார்த்து யாரும் ஆஸ்திரேலியனுக்குப் போர்க்குணம் இல்லை என்று எழுதவில்லை.

டாங்காத் தோல்வியைப் பிரிட்டிஷ் அரசு பல மாதம் வெளியே விடவில்லை. எய்ட்கன் கர்னலாக இறக்கப்பட்டார். கிச்சனர் அவரைப் பார்க்கவே மறுத்தார். எய்ட்கனுக்கு அதோடு முடிந்தது, சிப்பாய்க்கு முடியவில்லை. போருக்குப் பின் 63-ஆவது பாளையங்கோட்டைப் படையைக் கலைத்தார்கள். கொஞ்சம் மிச்சமிருந்த சென்னைக் காலாட்படைகளைச் சேர்த்து 3-ஆவது மதராஸ் ரெஜிமென்ட் என்று ஆக்கி, 1928-க்குள் அதன் நிரந்தரப் பட்டாளங்களையும் மூடினார்கள். பயனியர் படையும் பின்னால் கலைந்தது, சாப்பர்கள் மட்டும் நின்றார்கள். போர்க்குலக் கொள்கையை வளர்த்த ராபர்ட்ஸ் இதைப் பார்க்கவில்லை. பிரான்சில் இந்தியச் சிப்பாய்களைப் பார்க்கப் போன இடத்தில் நிமோனியா கண்டு 1914 நவம்பர் 14-இல் இறந்துவிட்டார். டாங்காவில் கடைசிப் படகு கிளம்பி ஒன்பது நாள்.

தென்னாட்டான் வேண்டாம் என்று கதவைச் சாத்தி அதிக நாள் ஆகவில்லை. 1941-இல் மதராஸ் ரெஜிமென்டுக்கு மறுபடி ஆள் எடுத்தார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை கொழும்பையும் திரிகோணமலையையும் அடித்தது. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்து சென்னைதான் என்று ஊரே காலியானது. மிருகக்காட்சிசாலையில் சிங்கம் புலிகளைச் சுட்டார்கள். இந்த முறை கரையில் இறங்கப்போகிறவன் ஜப்பான்காரன், கரையில் நின்று பார்க்கிறவன் நம்மாள். எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை இந்தக் கடற்கரையை அப்போது ராணுவக் கண்ணோடு பார்த்தார்கள். சோழவரத்தில் அந்தப் போரின்போது போட்ட விமான ஓடுபாதையை உங்கள் தாத்தாக்கள் அறிவார்கள். கார்ப் பந்தயம் நடந்த இடமாக உங்கள் அப்பாக்கள் அறிவார்கள்.

மாணவர்களிடம் ஒரு வேலை ஒப்படைத்துவிட்டு முடிக்கிறேன். 2021 ஏப்ரலில் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் சொல்லி நினைவுச் சின்னம் இல்லை, அந்த எண்ணிக்கை 3,50,000 வரை போகலாம் என்று ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஆப்பிரிக்கச் சுமைகூலிகள் அந்தக் கணக்கில் பெரும்பகுதி. இந்தியச் சிப்பாய்கள் பலருக்குப் பெயர் இருக்கிறது. ஆணையத்தின் இணையப் பதிவில் தேடலாம், காசு கேட்க மாட்டார்கள். பட்டாளத்தின் பெயரைப் போட்டால் இறந்தவர் பெயர், தேதி, சில பதிவுகளில் தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா, ஜில்லா எல்லாம் வரும். எழுத்துக்கூட்டு பழைய துரைத்தனத்து எழுத்துக்கூட்டு. திருவள்ளூர் 'ட்ரிவெல்லூர்' என்றும் செங்கல்பட்டு 'சிங்கிள்புட்' என்றும் இருக்கும், ஆள் பெயர் அதைவிடச் சிதைந்திருக்கும், வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் பிடிபடும். முதலில் 61, பிறகு 63. நவம்பர் 2 முதல் 5 வரை இறந்தவர்களை எடுங்கள். பொன்னேரி, திருவள்ளூர் தாலுகா என்று வருகிறவர்களைத் தனியாகக் குறித்து, அந்தக் கிராமங்களுக்குப் போய்ப் பட்டாளத்துக்குப் போனவர் வீடு எது என்று விசாரியுங்கள். அந்தப் போருக்குப் பிறகு, இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் திரும்பவில்லை என்று சர்க்கார் ஊர் ஊராகக் கல்வெட்டு வைத்தது. பள்ளிக்கூடச் சுவரிலும் பழைய சாவடியிலும் அது சுண்ணாம்புக்கு அடியில் இருக்கலாம். சுரண்டாமல், தண்ணீர் தொட்டுத் துடைத்துப் படியுங்கள். பட்டியல் தயாரானதும் கல்லூரி நூலகத்தில் ஒரு பிரதி வைத்துவிட்டு, எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.